வண்டி இல்லாதவனுக்கு இன்சூரன்ஸ்

ஷெட்டின் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்த பிறகும் முதலாளியின் குரல் முதுகுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. "திரும்ப இந்தப் பக்கம் வந்தீன்னா நாயை அவுத்து விட்ருவேன்" என்றார். அவரிடம் நாய் கிடையாது. இருந்த நாயும் போன மழைக்கு முன்பே அவருடைய டிப்பரில் அடிபட்டுச் செத்துப்போயிருந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் செந்துறை ரோட்டில் அரியலூர் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தேன்.

சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர்கள் எதிரும் புதிருமாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்போது வெள்ளைத் தூசி கிளம்பி வாயில் வந்து உட்கார்ந்தது. ஓட்டிப் போனவர்களில் சிலருக்கு என்னைத் தெரியும். ஒருவன் ஹாரன் அடித்தான். யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தாலும் ஏறியிருப்பேனா என்று தெரியவில்லை. இடது பக்கம் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்கும் நிலையில் நான் இல்லை.

முதலாளியிடம் நான் கேட்டது ஒரு கையெழுத்து.

என்னுடைய லைசென்ஸ் சஸ்பெண்டில் இருந்தது. அதற்கான காலம் முடிந்து ஆர்.டி.ஓ. ஆபீசில் திருப்பி வாங்கப் போனபோது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த கிளார்க், கேஸ் ஆன வண்டிக்கு இப்போது இன்சூரன்ஸ் இருக்கிறது என்பதற்கு நகல் வேண்டும், அதில் வண்டியின் ஓனர் கையெழுத்தும் வேண்டும் என்றார்.

"வண்டி என்னுது இல்லைங்க சார். நான் டிரைவர்."

"ஓட்டுனது யாரு?"

"நான்தாங்க."

"அப்ப நீதான் கொண்டாரணும்."

"அந்த வண்டிய வித்துட்டாங்க சார்."

"வித்தா என்ன, வண்டி செத்தாப் போச்சு? இப்ப யாருகிட்ட இருக்கோ அவங்ககிட்ட வாங்கிட்டு வா. போன்ல படம் காட்டுறது, அவன் சொன்னான் இவன் சொன்னான்னு வர்றதெல்லாம் வேணாம்."

சொல்லிக்கொண்டே ஒரு கவரைப் பிரித்து என் லைசென்ஸை வெளியே எடுத்தார். அதன் மூலையில் சிவப்பாகக் கறை இருந்தது.

"என்னய்யா இது, ரத்தமா?"

"குங்குமம் சார்."

"லைசென்சுக்குப் பொட்டு வெச்சிருக்கான்யா. இன்சூரன்ஸ் மட்டும் போடல" என்று பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். லைசென்ஸ் மறுபடி கவருக்குள் போயிற்று.

அந்தக் குங்குமத்தால்தான் எல்லாம் வந்தது. ஆயுத பூஜை அன்று எங்கள் ஷெட்டில் டிப்பர்களைக் கழுவிச் சந்தனம் வைத்து, முன்பக்கம் வாழைக்கன்று கட்டி நிறுத்தியிருந்தோம். எல்லா வண்டிகளின் பேப்பர்களையும், எல்லா டிரைவர்களின் லைசென்ஸையும் ஒரு தாம்பாளத்தில் வைத்து மேலே மஞ்சளும் குங்குமமும் தூவி சாமி படத்துக்கு முன்னால் வைப்பது முதலாளியின் பழக்கம். மறுநாள் காலையில் திரும்பவும் சூடம் காட்டும்வரை அந்தத் தாம்பாளத்தை யாரும் தொடக் கூடாது. தொட்டால் அந்த வருஷம் முழுக்க வண்டி படுத்துவிடும் என்பார்.

முந்தின நாள் நள்ளிரவோடு நான் ஓட்டும் டிப்பரின் இன்சூரன்ஸ் முடிந்திருந்தது. பெரம்பலூர் ஏஜென்ட் காலையிலிருந்து போன் செய்துகொண்டிருந்தார். பழைய பாலிசியைப் பார்த்து நம்பர் சொன்னால் போட்டுவிடுவேன் என்றார். "அது சாமிகிட்ட இருக்கு, நாளைக்குச் சொல்றேன்" என்று முதலாளி போனை வைத்துவிட்டார். சாயங்காலம் ஒரு அவசர லோடு கேட்டு சிமெண்ட் ஆலையிலிருந்து கூப்பிட்டார்கள். மற்ற ஷெட்டுகளில் வண்டி எடுக்கமாட்டார்கள் என்பதால் எங்களைக் கேட்டார்கள். முதலாளிக்கு வந்த லோடை விட மனமில்லை.

"எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சில்ல, வண்டி கிளம்பலாம். அது குத்தமில்ல" என்றார்.

"பேப்பர் வேணுங்களே. லைசென்சும் அதுலதான் இருக்கு."

"பூஜை நாள்ல எவன்டா செக் பண்ணப் போறான்? அவனும் ஜீப்புக்குப் பொட்டு வெச்சுட்டு வூட்டுல பொரிகடலை தின்னுட்டு இருப்பான்."

அவர்கள் பொரிகடலை தின்றுகொண்டிருக்கவில்லை. மாலையும் வாழைக்கன்றுமாகக் கல்லைக் கோபுரமாகக் குவித்துக்கொண்டு வந்த டிப்பரைத் தூரத்திலேயே பார்த்து நிறுத்தினார்கள். பேப்பர் எங்கே என்று கேட்டதற்கு, பூஜையில் இருக்கிறது சார் என்றேன். அந்த அதிகாரி போனில் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பூஜையில இல்லப்பா, எங்கேயுமே இல்ல" என்றார். அதிக பாரத்துக்கு ஒரு கேஸ், இன்சூரன்ஸுக்கு ஒரு கேஸ். மறுநாள் முதலாளி சூடம் காட்டி முடித்த பிறகு, தாம்பாளத்திலிருந்து என் லைசென்ஸை எடுத்து, குங்குமத்தைத் துடைத்தும் துடைக்காமலும் கொண்டுபோய் அந்த ஆபீசில் நானே கொடுத்தேன்.

அதற்கப்புறம் வண்டி ராசி கெட்டுவிட்டது என்று முதலாளி அதை விற்றார். நானும் ராசி கெட்டவன் என்பதால் அனுப்பினார். லைசென்ஸ் இல்லாத மாதங்களில் பெரம்பலூரில் சின்ன வெங்காய மூட்டை ஏற்றினேன். தோளில் ஏறிய வெங்காய நாற்றம் குளித்தாலும் போவதில்லை. மூட்டை தூக்குவது எனக்குப் புதிதல்ல. எட்டாவதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியதிலிருந்து திருப்பூரில் பனியன் மடித்தேன், கேரளாவில் ஓடு சுமந்தேன், போர்வெல் லாரியில் கிளீனராக ஆந்திரா முழுக்கச் சுற்றினேன். அந்த லாரியில் டிரைவர் குடித்துவிட்டுக் கிடந்த நாட்களில்தான் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றேன். பிறகு கனரக வாகன லைசென்ஸ் வாங்கினேன். என் பேரும் போட்டோவும் போட்டு அரசாங்கம் எனக்குக் கொடுத்ததில் உருப்படியான பொருள் அது ஒன்றுதான். அது இல்லாமல் எந்த ஊரில் போய் நின்றாலும் நான் மூட்டைக்காரன்.

அதனால்தான் அன்று காலை மானம் பார்க்காமல் ஷெட்டுக்குப் போனேன். முதலாளி பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"வித்த வண்டிக்கு நான் ஏன்டா கையெழுத்துப் போடணும்? எனக்கும் அதுக்கும் என்ன இருக்கு?"

"யாருக்கு வித்தீங்கன்னாவது சொல்லுங்க முதலாளி. நான் போயிப் பாத்துக்கிறேன்."

"சொல்லிட்டா நீ போயி அங்க என்னத்தப் பேசுவ? இந்த வண்டி பூஜையில கேஸ் ஆன வண்டின்னு பேசுவ. அவங்க எங்கிட்ட சண்டைக்கு வரணும். அதான?"

"வாங்குனவங்களுக்குக் கேஸ் தெரியாதா?"

அவர் எச்சிலைத் துப்பினார். என் காலுக்கு மிக அருகில் விழுந்தது. "ஏஜென்ட்டப் போயிக் கேளு. அவன்தான் முடிச்சு வெச்சான். இப்ப நடையக் கட்டு." நான் அப்போதும் நின்றுகொண்டிருந்ததால்தான் நாய்ப் பேச்சு வந்தது.

பெரம்பலூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வழியெல்லாம் ரோட்டின் பாதியை அடைத்து மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். பஸ் டிரைவர் ஒவ்வொரு குவியலுக்கும் ஒதுங்கி ஒதுங்கி, ஒவ்வொருவரையும் பேர் சொல்லாமல் திட்டிக்கொண்டே ஓட்டினார். அவர் கியர் மாற்றுவதையே பார்த்துக்கொண்டு வந்தேன். என் இடது கை தானாக அசைந்தது. பக்கத்தில் இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

வரும் வழியில் எனக்கு ஒரு யோசனை. வெளிநாட்டில் வண்டி ஓட்டிவிட்டு வந்த ஒருவன் வெங்காய மண்டியில் சொன்னது அது. சில நாடுகளில் சொந்த வண்டி இல்லாதவனும் தன் பேரில் இன்சூரன்ஸ் போட்டுக்கொள்ளலாமாம். லைசென்ஸ் பறிபோனவன் அந்தக் காகிதத்தைக் காட்டித் திருப்பி வாங்கிக்கொள்ளலாமாம். அப்படி ஒன்று இங்கேயும் கிடைத்தால் யார் கையெழுத்துக்கும் போய் நிற்க வேண்டாம்.

ஏஜென்ட்டின் கடை புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. அவர் டிபன் பாக்ஸில் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"பூஜை டிரைவர்தானே? என்ன, அடுத்த பூஜைக்கு நாள் குறிக்க வந்தியா?"

"என் பேர்ல ஒரு இன்சூரன்ஸ் போடணும் சார்."

"என்ன வண்டி?"

"வண்டி இல்லைங்க."

அவர் சாதத்தை விட்டுவிட்டு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "வண்டி இல்லாம எதுக்குப் போடுறது? உன் காலுக்கா?"

வெளிநாட்டு விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். நடுவில் சிரிக்கவில்லை என்பதால் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது.

"அப்ப ஒண்ணு பண்ணு. அந்த நாட்டுக்கே போயி லைசென்சும் வாங்கிக்க. இங்க வண்டிக்குத்தான்யா பாலிசி. ஓட்டுறவன் எவன்னு யாரு கேட்டா? நாளைக்கு ஒரு குரங்கு ஓட்டுனாலும் பாலிசி வண்டி பேர்லதான்." ஒரு வாய் சாதம் எடுத்து வைத்துக்கொண்டு தொடர்ந்தார். "அன்னைக்கு உன் முதலாளிகிட்ட காலையில இருந்து கத்துறேன். நம்பரைச் சொல்லுய்யா, நம்பரைச் சொல்லுய்யான்னு. சாமி படிச்சுக்கிட்டு இருக்குங்கிறான். நீ பக்கத்துலதான நின்ன? வண்டி மேலயே எழுதியிருக்கிற நம்பரையாவது நீ சொல்லக் கூடாதா? அத வெச்சே பழைய பாலிசிய நான் தேடி எடுத்திருப்பேன்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேட்டாத்தான் சொல்லுவ. கேக்காமதான் ஓட்டுவ."

முதலாளி ஓட்டு என்றால் ஓட்டுவதும் நிறுத்து என்றால் நிறுத்துவதும்தான் வேலை. அதை ஒருவன் புளிசாதம் தின்றுகொண்டு மாடியிலிருந்து குறை சொல்வது சுலபம். வண்டி இப்போது யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

"வரதராஜன்பேட்டை. ரிட்டயர்டு டீச்சரம்மா ஒண்ணு. நான்தான் பாலிசி போட்டேன்." கை கழுவ எழுந்தவர் வாசலில் நின்றார். "நான் அனுப்பினேன்னு சொல்லிறாத. அந்தம்மா வாயில விழுந்து எந்திரிக்க எனக்குத் தெம்பு இல்ல."

மறுபடி அரியலூர், அங்கிருந்து ஜெயங்கொண்டம், அங்கிருந்து ஆண்டிமடம். காலையில் கிளம்பிய இடத்தைத் தாண்டியே திரும்பவும் கிழக்கே போக வேண்டியிருந்தது. ஆண்டிமடத்தில் இறங்கியபோது வெயில் சாய்ந்துவிட்டது. அடுத்த டவுன் பஸ் எப்போது என்று கடைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். "வரும்போது வரும்" என்றார். நடந்தேன். இரண்டு பக்கமும் முந்திரிக்காடு. மரங்கள் பூத்திருந்தன. அந்த வாடை பலருக்குப் பிடிக்கும் என்பார்கள். வெறும் வயிற்றில் எனக்குக் குமட்டியது.

வரதராஜன்பேட்டை டீக்கடையில் டீச்சர் வீடு எது என்று கேட்டேன்.

"எந்த டீச்சர்?" என்றார் டீ ஆற்றியவர். "இங்க கல்லெடுத்து வீசுனா ஏதாச்சும் ஒரு டீச்சர் வூட்டு ஓட்டு மேலதான் விழும்."

"டிப்பர் வெச்சிருக்கிற டீச்சருங்க."

"அந்தம்மாவா?" கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "வேலைக்கு வந்தியா? போன வாரந்தான் ஒரு கிளீனர் ஓடுனான். செருப்பைக்கூட எடுக்கல."

டிப்பர் அந்த வீட்டுப் பக்கச் சந்தில், மதில் சுவருக்கும் தென்னைக்கும் நடுவில் நின்றது. என் வண்டி என்று வாயில் வந்துவிட்டது. என்னுடையதாக அது ஒருநாளும் இருந்ததில்லை. பம்பரில் நான் வாழைக்கன்று கட்டிய கம்பி ஒரு துண்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் முன்பிருந்த முருகன் படம் போய் மாதா படம் ஒட்டியிருந்தது. வாங்கியதும் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்திருப்பார்கள். திண்டில் உட்கார்ந்து டிரைவர் போன் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைவிட வயதில் சின்னவன்.

டீச்சர் கதவைத் திறந்து, கிரில்லுக்கு அந்தப் பக்கமே நின்று பேசினார்.

"யாருப்பா?"

"டிரைவருங்க டீச்சர். முன்னாடி இந்த வண்டிய நான்தான் ஓட்டிட்டு இருந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஆயுத பூஜை அன்னைக்கா?"

"ஆமாங்க."

"ஓ, அந்த மகராசன் நீதானா? உன் கேஸ் முடியலைன்னு பேர் மாத்தித் தராம என்னை எத்தனை தடவை அந்த ஆபீஸ் படி ஏற வெச்சாங்க தெரியுமா? எனக்கு முட்டித் தேய்மானம். ஒவ்வொரு படிக்கும் உன்னைத்தான் நெனச்சுக்கிட்டேன். ஆளு எப்படி இருப்பான்னு பாக்கணும்னு இருந்துச்சு. பாத்தாச்சு."

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். இன்சூரன்ஸ் நகல் ஒன்று, அதில் அவருடைய கையெழுத்து. ஜெராக்ஸ் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன்.

"எத்தனாவது படிச்ச?"

"எட்டாவதுங்க."

"பாஸா?"

"பாதியில நின்னுட்டேன்."

"அப்ப ஏழாவதுன்னு சொல்லு. முடிக்காததச் சேத்துச் சொல்லக் கூடாது. வூடு எங்க?"

"வூடுன்னு இல்லைங்க. அங்கங்க இருக்கேன்."

"வூடு இல்ல, ஏழாவது, பேப்பர் இல்லாம லாரி ஓட்டுவ. உனக்கு நான் கையெழுத்துப் போடணும்?" குரலை அவர் உயர்த்தவே இல்லை. "இத்தனை வருஷ சர்வீசுல என் கிளாஸ்ல இல்லாத பயலுக்கு நான் ஒரு கையெழுத்துப் போட்டதில்லப்பா. ஹெட்மாஸ்டர் தம்பி மகனுக்கே நன்னடத்தைச் சான்றிதழ் போடல. தெரியாதவனுக்குப் போட மாட்டேன்."

"இது நன்னடத்தை இல்லைங்க டீச்சர். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குன்னுதான். இருக்குதில்ல?"

"இருக்கு. அதை நான் ஏன் உனக்கு எழுதிக் குடுக்கணும்? நாளைக்கு என் கையெழுத்தை வெச்சு நீ எங்கேயாவது போயி, இந்த வண்டிக்கு நான்தான் டிரைவர்னு நின்னா?"

திண்டில் இருந்தவன் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான். "கிளீனர் வேலை காலியாத்தான் இருக்கு டீச்சர். அண்ணனைச் சேத்துக்கங்க. அண்ணனுக்கு ஓட்டவும் தெரியும், கேஸ் வாங்கவும் தெரியும்."

கிண்டலுக்குத்தான் சொன்னான். டீச்சர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பரீட்சைப் பேப்பரைத் திருத்துகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது.

"அதுவும் சரிதான். வா. கிளீனரா ஏறு. ஸ்டியரிங் பக்கம் கை போகக் கூடாது. போச்சுன்னு இவன் சொன்னான்னா அன்னைக்கே இறங்கிக்க. எனக்கு உன்னைத் தெரிஞ்சப்புறம் கையெழுத்துப் போடுறேன்."

"எத்தனை நாளைக்குங்க?"

"தெரியற வரைக்கும்."

"லைசென்ஸ் வாங்குனா நான் டிரைவர் வேலைக்குப் போயிருவேன் டீச்சர்."

"போ. உன்னை யாரு கட்டி வெச்சிருக்கா? காலையில ஆலத்தியூருக்கு லோடு. விடியறதுக்குள்ள இருக்கணும். இல்லைன்னா இந்த வாசலுக்கு வராத."

கதவு சாத்தப்பட்டது. நான் தெருவைத் தாண்டி பஸ் நிற்கும் இடம்வரை போனேன். ஜெயங்கொண்டம் போகும் பஸ் ஒன்று வந்து நின்றது. ஏறவில்லை. முட்டி வலிக்கிற ஒரு கிழவியின் சந்தேகத்துக்காக, என் பிடியில் ஓடிய வண்டியின் இடது சீட்டில் உட்கார்ந்து, என்னைவிடச் சின்னவன் கேட்கும்போதெல்லாம் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லாத கையெழுத்து அது. போட எவ்வளவு நேரம் ஆகும்? கண்டக்டர் விசில் அடிப்பதற்கு முன் வருகிறாயா இல்லையா என்று கேட்டார். நீங்க போங்க என்றேன். "அப்புறம் எதுக்குய்யா கம்பத்துல சாஞ்சுக்கிட்டு நிக்கற?" என்று திட்டிவிட்டுப் போனார். எனக்கு அந்தப் பஸ்ஸில் போவதற்கு வெங்காய மண்டி ஒன்றுதான் இருந்தது. டீக்கடையில் இரண்டு பன் வாங்கித் தின்றுவிட்டு, பஸ் நிற்கும் இடத்து நிழற்குடையிலேயே துண்டை விரித்துப் படுத்தேன்.

விடிவதற்குள் டிப்பர் அருகில் நின்றேன். டிரைவர் வந்து பார்த்துவிட்டு, "டிரைவர் சார் வந்துட்டீங்களா?" என்றான். அழுக்குத் துணியை என் மேல் வீசினான். ஏறிக் கண்ணாடியைத் துடைத்தேன். மாதா படத்தைச் சுற்றிப் படிந்திருந்த சுண்ணாம்புத் தூசியையும் துடைத்தேன். வண்டியின் பேப்பர்கள் இடது சீட்டுக்கு மேலே இருக்கும் பெட்டியில், முன்பு எப்படி இருந்ததோ அப்படியே பிளாஸ்டிக் உறையில் இருந்தன. இன்சூரன்ஸ் மேலேயே தெரிந்தது. கையை நீட்டினால் எட்டும். கையெழுத்து இல்லாத காகிதத்தை எட்டி என்ன செய்வது?

"சந்துல பின்னாடி போகணும். இறங்கிப் பாரு" என்றான்.

இறங்கிப் பின்பக்கம் போனேன். டீச்சர் கையில் காப்பி டம்ளரோடு கிரில்லுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மதில் சுவர் ஒரு பக்கம், தென்னை மறு பக்கம். கிளீனர் பிழைப்பை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. உள்ளங்கையால் டிப்பரின் தகட்டைத் தட்டி, "வரட்டும்" என்றேன். குரல் சரியாக வரவில்லை.

"காதுல விழல" என்று கத்தினான் உள்ளிருந்து.

"வரட்டும், வரட்டும்" என்று கத்தினேன். வண்டி பின்னால் நகர்ந்து வந்தது. தட்டிக்கொண்டே பின்னால் நடந்து, சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது "ஹோல்டான்" என்றேன். நின்றது. ஒடித்துத் திருப்பச் சொன்னேன். திருப்பினான். ரோட்டுக்கு வந்ததும் ஓடிப்போய் இடது பக்கக் கதவைத் திறந்து ஏறினேன்.